அறிவித்தவர்

வவுனியாக் கச்சேரிப் பதிவறையில்
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்.
தாள் பறக்காமலிருக்க எழுதுவினைஞர் ஞானசௌந்தரி
ஒரு பூட்டைத் தூக்கி வைத்திருக்கிறாள்.
அதற்குத் திறப்பில்லை.

"எந்தப் பிரிவு?"
கரிக்கட்டுமூலை தெற்கு.
"ஆண்டு?"
தெரியாது.
காணிக் கந்தோரில் கேட்கிறார்கள்,
குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர்
ஆரிட்டையிருந்து ஆருக்கு வந்ததென்று.
உறுதி றங்குப் பெட்டியோடு மாத்தளனில் போனது.
"ரெண்டு வருசத்துக்குத்தான் ஒருக்காத் தேடலாம் அக்கா,
அதுக்கு மேல எண்டா திரும்பவும் காசு."

மூன்றாம் முறை காசு கட்டியபோது வந்தார்
அப்பாவின் அப்பாவுக்கு அப்பா.
விநாசி கதிரன். ஆண். கமம்.
வயது: முப்பது அளவில்.
காரணம்: காய்ச்சற்கட்டி.
1919 ஆடி ஏழு.
அறிவித்தவர்: வேலன் நாகாத்தை, அயல்,
மரணத்தின்போது உடனிருந்தவர்.
பக்கத்தில் ஒரு பெருவிரல்.

பிரதிக்குச் சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம்.
மல்லாவி பஸ் இரண்டரைக்கு.
ஆனால் அடுத்த வரியில்
நாலு வயதுப் பெட்டை ஒருத்தி,
அறிவித்தவர் நாகாத்தை.
அதற்கடுத்து பெயரிடாத ஆண் குழந்தை, மூன்று நாள்.
நாகாத்தை.
தேனெடுக்கப் போய்க் கரடி கிழித்த ஒருவன்,
பாம்பு தீண்டிய ஒருத்தி,
பிறகு காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல்.
மார்கழிக்குள் ஒன்பது பேர்.
ஒருவரும் அவளுக்கு உறவில்லை.
ஒவ்வொன்றிலும் அயல், அயல் என்றே
பதிவுகாரர் சாய்த்து எழுதியிருக்கிறார்.

கதிரனை அங்கேயே விட்டுவிட்டு
அவள் பின்னால் போனேன்.

பதிவுகாரர் இருந்தது ஒட்டுசுட்டானில்.
இடையில் ஏழு கட்டை காடு.
ஐந்து நாளுக்குள் சொல்லாவிட்டால் குற்றம்.
மழைக்குள் அலியன் நிற்கும் பாதையில்
இன்னொரு வீட்டுச் சாவை வாயில் வைத்துக்கொண்டு
இவள் ஏன் நடந்தாள்?
அந்த வீட்டில் எழும்பக்கூடியவர் இல்லையோ,
இல்லை, எழுதாமல் விட்டால்
செத்தது பொய்யாகிவிடும் என்று நினைத்தாளோ.
புத்தகத்தில் அதற்குக் கட்டமில்லை.

இருபத்தொன்றில் அவளுடைய பெருவிரலுக்குக் குறுக்கே
ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது.
அரிவாளோ, பனங்கருக்கோ.
இருபத்துமூன்றில் கோடு மெலிந்துவிட்டது.
இருபத்தைந்தில்
நான் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன்,
தழும்பு இருந்தது.
ஒரு முகத்தைக்கூட இப்படி அடையாளம் கண்டதில்லை நான்.

விவாகப் புத்தகத்தில் அவள் இல்லை.
அந்த ஊரே இல்லை.
சோறு கொடுத்தால் கலியாணம்,
அதற்குக் கச்சேரி எதற்கு?
பிறப்புப் புத்தகத்தில் தாயாக ஓரிடத்திலும் இல்லை.

இருபத்தேழு பங்குனிக்குப் பிறகு
அந்தக் குளத்தடியில் எவரும் சாகவில்லை.
பதினொரு வருசம், ஒரு பதிவில்லை.
பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன்,
புளியங்குளத்தில் செத்திருக்கிறார்கள், நெடுங்கேணியில் செத்திருக்கிறார்கள்.
எங்கள் ஊரில் மட்டும் காய்ச்சல் நின்றுபோனதா?
நடக்க ஆளில்லை. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு படிவம் கிடக்கிறது.
கிராம சேவகர் கொண்டுவந்து தந்தது.
தம்பியின் பெயரை அவரே எழுதியிருந்தார்,
எழுத்துப் பிழையோடு.
அறிவித்தவர் என்ற இடத்தில்
அம்மா பத்து வருசமாகக் கை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அதைப் பற்றி இங்கே வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இரண்டரை பஸ் போய்விட்டது.
இன்னொரு விண்ணப்பம் கேட்டு வாங்கினேன்.
தேடப்படுபவர்: வேலன் நாகாத்தை.
மரணம்.
இடம்: தெரியாது. தேதி: தெரியாது.
விண்ணப்பகாரருக்கு உறவு?

"சொந்தம் எண்டு ஏதாவது போடுங்கோ அக்கா,
வெறுமையா விட்டா மேல எடுக்கமாட்டினம்."

அயல் என்று எழுதினேன்.

ஞானசௌந்தரி வாசித்தாள்,
என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
பூட்டை நகர்த்தி முத்திரை குத்தினாள்.
இரண்டு வருசத்துக்குக் காசு கட்டினேன்,
இருபத்தேழு, இருபத்தெட்டு.