அன்பார்ந்த விவசாயி

நாலு மாசத்துக்கு ஒருமுறை
என் போன் என்னை விவசாயி என்கிறது.

உளுந்து புடைத்துக்கொண்டிருப்பேன்,
அவர் சாரத்தை அலசிக்கொண்டிருப்பேன்,
போன மாசியில்
அறுப்பு மெஷின்காரனிடம்
மணிக்கு நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
எப்போது வந்தாலும் அதே வாசகம்:
அன்பார்ந்த விவசாயி,
தங்கள் கணக்கில் ரூபாய் இரண்டாயிரம்
வரவு வைக்கப்பட்டது.

தங்கள் என்றால் நான் இல்லை.
அம்பத்தூரில் இருக்கும் சிதம்பரவடிவு சார்.
பதிவு போட்ட அன்றைக்கு
மேலச்செவல் இ-சேவைக் கடையில்
ஓடிபி வர ஒரு நம்பர் கேட்டான் பையன்.
சாருடைய போனில் சார்ஜ் இல்லை.
"உலகம்மா, உன் நம்பரைச் சொல்லு."
சொன்னேன்.
பத்து எண்ணும் என்னுடையது,
பட்டாவும் பாஸ்புக்கும் அவருடையது.

பிராஞ்சேரிக் குளத்துக்குக் கீழே
கன்னடியன் கால் கடைமடையில்
ஒரு கோட்டை விதைப்பாடு.
மேலத்தடி, நண்டுத்தடி.
சிட்டாவில் அந்தப் பேரெல்லாம் கிடையாது.
நண்டுத்தடி ஏன் நண்டுத்தடி என்று
விடிய விடிய வரப்பு அடைக்கிறவளுக்குத் தெரியும்.
பிசானத்துக்குப் பதினாலு மூட்டை பாட்டம்,
காருக்குத் தண்ணீர் வந்தால் அதில் பாதி.
எல்லாம் வாய்ச்சொல்.
எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று
அவர் மச்சான் சொல்லி வைத்திருக்கிறான்.

உரக்கடையில் மட்டும் என் பெருவிரல் செல்லும்.
முந்தானையில் மூணுதரம் துடைத்து
நாலாம் தரம் மெஷின் என்னை ஒத்துக்கொள்ளும்.
ரசீதில் மூட்டை விலைக்குக் கீழே
அரசு கொடுத்தது என்று
அதைவிடப் பெரிய தொகை அச்சாகியிருக்கும்.
"இதுவும் உங்களுக்குத்தாங்க்கா" என்பான் ஆல்வின்.
எனக்கா, கம்பெனிக்கா என்று கேட்டால்
அடுத்த ஆளைக் கூப்பிடுவான்.

மார்கழி வெள்ளத்தில் பயிர் மூழ்கி
மூணாம் நாள் படம் எடுக்க வந்தார்கள்.
ஆள் நிற்காத படத்தை ஆப் ஏற்காதாம்.
முழங்கால் சேற்றில் நின்றேன்.
அழுகிய அம்பை பதினாறை
ஒரு பிடி பிடுங்கிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன்.
பேர்? என்றார் எழுதுகிறவர்.
உலகம்மாள்.
"உன் பேர் இல்லம்மா. பட்டாப் பேரு."

பணம் ஏறியதும் கூப்பிட்டுச் சொல்வது என் வேலை.
அச்சகம் மூடி ஆறு வருஷமாச்சு அவருக்கு,
மகன் பேசுவதில்லை.
"பிரஷர் மாத்திரைக்கு ஆச்சு உலகம்மா" என்பார்.
திட்ட வைத்திருந்த சொல்லை
அந்த மாத்திரை விழுங்கிவிடும்.
பிறகு கேட்பார்: மழை உண்டா? குளம் பெருகிருச்சா?
மேலத்தடி ஓரம் ஒரு மஞ்சணத்தி நின்னுச்சே, நிக்கா?
வெட்டி எட்டு வருஷமாகிறது.
நிக்கு சார் என்பேன்.

வெள்ளத்துக்கு வந்ததில்
மூவாயிரம் ஜிபே பண்ணினார்.
விதைநெல் கடனுக்கே காணவில்லை.
பாட்டத்தை அவர் குறைக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

இப்போது புதுச் செய்தி:
சரிபார்ப்பு முடிக்காவிட்டால் அடுத்த தவணை நிற்கும்.
எனக்கு ஓர் ஓடிபி வரும்,
அதற்கு ஐந்து நிமிஷம் ஆயுள்.
"வந்ததும் சொல்லிரு, லைன்லயே இருக்கேன்."

வந்தது.
ஆறு எண்கள்.
நண்டுத்தடிக்கு மடை திறந்துவிட்டு
மண்வெட்டியை ஊன்றி நிற்கிறேன்.
அந்தப் பக்கம் அவர் மூச்சு இழுப்பது கேட்கிறது.
பேனா தேடுகிறார் போல.
முதல் எண் நாலு என்றேன்.
எழுதிக்கொண்டார்.
"சார், பாட்டம் பத்தி ஒண்ணு பேசணும்."

ஏதோ ஒரு வளைக்குள்
தண்ணீர் இறங்குகிற சத்தம்.
இன்னும் மூணு நிமிஷம் இருக்கிறது.