நடுவில் கழித்தல்

டோங்காட் சமூகக் கூடம். மாலை ஐந்தரை.
ஏழு மணிக்குக் கெர்ஷ்னிக்கு இருபத்தொன்று.
தங்கத்தாள் ஒட்டிய ஆளுயர அட்டைச்சாவி
நிற்க இடமில்லாமல்
என் ஆம்ப்மேல் சாய்ந்திருக்கிறது.

முழங்காலிட்டிருக்கிறேன்.
பேக்கரித் தட்டில் திருகி வைத்த ஐந்து பெடல்கள்.
சத்தமே இல்லை.

சத்தமே இல்லாதது சுலபமான நோய்.
எல்லாவற்றையும் கழற்று.
கிட்டாரிலிருந்து நேரே ஆம்ப்: பாடியது.
ட்யூனர் சேர்த்தேன்: பாடியது.
ஃபஸ் சேர்த்தேன்: செத்தது.
சிவப்பு விளக்கு எரியவில்லை.

அடாப்டரைப் புரட்டி ஃபோன் வெளிச்சத்தில் படித்தேன்.
ஒன்பது வோல்ட், சரி.
நடுவில் கூட்டல். இதற்கு வேண்டியது நடுவில் கழித்தல்.
யூகனுடைய பழைய ரிதம் பெட்டிக்கு உரியது.
வீட்டைப் பிரித்தபோது
பாத்திரங்களை எண்ணினோம், படங்களை எண்ணினோம்,
கறுப்பு ஒயர்களை யார் எண்ணினார்கள்?

பாபி அங்கிளின் கம்பியில்லா மைக்கைத் திறந்து
பேட்டரியை எடுத்து நாக்கில் வைத்தேன்.
சுரீரென்று புளித்தது. உயிர் இருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை.

ஃபஸ் விழித்தது.
விழித்ததும் ஜூலுவில் பேசத் தொடங்கியது.
ஒரு பெண்குரல், நிதானமாக, கரகரப்பாக,
நான் எந்தக் கம்பியையும் தொடாமலே.
ம்தோகோசிசி டிரம் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக்
காதைச் சாய்த்தான்.
"என் டூவில் கரும்பு லாரி கவிழ்ந்திருக்கிறதாம்.
ஸ்டாங்கர்க்காரர்கள் எட்டு மணிக்கு முன் வரமாட்டார்கள்."
பிரியாணி அடுப்பைத் தணிக்கச் சொல்லி
சமையலறைக்கு ஒரு பையன் ஓடினான்.

செய்தி முடிந்து பாட்டு வந்தபின்தான்
கேபிளை மாற்ற மனம் வந்தது.
உறை அறுந்த ஒரு சாண் ஒயர்.
இத்தனை நாள் ஆண்டெனாவாக இருந்திருக்கிறது, பாவம்.

பிறகு முனகல்.
ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் இடையில்
எந்தப் பாட்டுக்கும் சேராத சுருதி.
வால்யூமைப் பூஜ்யமாக்கினேன்: முனகியது.
கம்பியைத் தொட்டேன்: முனகியது.
யூகனின் மிக்ஸருக்குப் போகும் ஒயரை உருவினேன்:
நின்றது.

என் ஆம்ப் மேடைப் பிளக்கில்.
அவன் மிக்ஸர் சமையலறையில், தேநீர்க் கொதிகலன் பக்கத்தில்.
எர்த்துக்கு இரண்டு வழி.
இரண்டும் எங்கோ கீழே சேர்ந்து வளையமாகி
கூடத்தின் மின்சாரம் முழுவதையும் எங்கள்மேல் புலம்புகிறது.

"எர்த் காலில் டேப்பைச் சுற்றும்மா, அவ்வளவுதான்"
என்றார் பாபி அங்கிள்.
அவருக்குத் தெரியாது.
பீனிக்ஸில் ஒரு கல்யாணத்தில், கையில் கிட்டாரோடு
மைக்கில் உதடு வைத்தவள் நான்.
நீலப்பொறி.
மண்ணுக்குப் போகும் வழியை அடைத்தால்
உடம்புதான் வழி.

யாராவது இடம் மாற வேண்டும்.
அவன் ஒயர் நீளமானது.
பதினான்கு மாதத்துக்குப் பின் நான் பேசிய முதல் வாக்கியம்:
"உன் பிளக்கை இங்கே கொண்டு வா."

வந்தான். குனிந்தான்.
மூன்று தடித்த கால்கள் என்னுடையதற்குப் பக்கத்தில் இறங்கின.
அப்படியொரு அமைதி.
சமையலறையில் கரண்டி ஒன்று விழுந்தது.
ம்தோகோசிசி புருவத்தை உயர்த்தினான்.
அப்படிப் பார்க்காதே, இது மின்சாரம், என்றேன்.

யூகன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து
பேக்கரித் தட்டின் ஓரத்தில் வைத்தான்.
"இது உன்னுடையது. என் ரிதம் பெட்டி இதில் ஓடவே இல்லை."
ஒன்பது வோல்ட். நடுவில் கழித்தல்.
நன்றி சொன்னேனா, நினைவில்லை.

அப்போதே பேட்டரியைத் திருப்பி வைத்திருக்கலாம்.
ஆனால் பாதி தீர்ந்த பேட்டரியில்
ஃபஸ் கொஞ்சம் தளர்ந்து, தொண்டை கட்டியவள் போல
அழகாகப் பாடும்.
அடாப்டரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எட்டே காலுக்குச் சாவியைத் தூக்கிக் கெர்ஷ்னியிடம் கொடுத்தார்கள்.
பாபி அங்கிள் மைக்கைத் தட்டினார், ஊதினார், தட்டினார்.
கடைசியில் வெறும் தொண்டையால் வாழ்த்தினார்,
கரும்பாலை வரை கேட்டிருக்கும்.
நான் குனிந்து
ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த கம்பிகளை
மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.