நானூறு வரை எண்ணுதல்

மன்னவனூர்ச் சேற்றில் குழாய் இறக்கிய அன்று
மூன்றாம் மீட்டருக்குச் சற்று முன்பே
கல் தட்டியது.
உருவி எடுத்ததைப் பலகையில் கிடத்தினோம்.
மேலே கறுப்பு, பிறகு காப்பிக்கொட்டை நிறம்,
அடியில் சாம்பல் களிமண்.
அழுகிய முட்டை வாடை.
எதிர்மேட்டில் ஐந்து கல்திட்டைகள்,
இரண்டுக்குக் கூரையில்லை.

பூண்டுத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார் வேலப்பன்.
"மண் பரிசோதனையா? உரம் எவ்வளவுன்னு சொல்வீங்களா?"
"இல்லை, பழைய மகரந்தம்" என்றாள் ரெஜினா.
அவர் சிரிக்கவில்லை.
"அப்போ இதைச் சொல்லுங்க. முதல்ல காடா, புல்லா?
முழுக்கக் காடா இருந்ததாம், நாங்கதான் அழிச்சோமாம்.
ஆபீசர் மாறினாலும் பேச்சு மாறல."

ஆய்வகத்தில்
கல்லைக் கரைக்கும் அமிலம் மணலைத் தின்றது,
மகரந்தத்தின் தோலை மட்டும்
தொடாமல் விட்டது.

ஒரு தகட்டுக்கு நானூறு.
புல். புல். கோரை. புல்.
நாவல், முக்கோணமாய்.
புல்.
காட்டுப்பூவரசு, நான்கு நான்காய் ஒட்டிக்கொண்டு.
இருநூற்றுப் பத்தாவது புல்லில் தேநீர் ஆறிப்போனது.

மலைக்கே பெயர் கொடுத்த குறிஞ்சி
முப்பத்தொரு தகடுகளில்
ஒன்றே ஒன்று.
அது தேனீயின் காலில் போகும் பூ,
காற்றை நம்பிக் கணக்கில் வராது.

இருநூற்று நாற்பது சென்டிமீட்டரில் ஒரு பைன்.
இரண்டு காற்றுப்பைகளோடு, ஜம்மென்று.
ரெஜினாவைக் கூவி அழைத்தேன்.
அவள் என் கம்பளிச் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.
அதை நீக்கிவிட்டு எண்ணினேன்.

நூற்றிருபதில் கரி.
சன்னமாய், கோணல்மாணலாய், மேலேறும் தகடுதோறும் கூடிக்கொண்டு.
மரங்கள் பாதியாகின்றன.
புல் துகள்களில் சில பெருக்கின்றன.
சாமை என்று எழுதக் கை பரபரக்கிறது.
முடியாது.
புல்லுக்கும் சாமைக்கும் ஒரே முகம்,
ஓர் உருண்டை, ஒரு துளை.

"ஆட்கள் வந்தார்கள்" என்று எழுதி அடித்தேன்.
"தீயின் அறிகுறிகள் மிகுகின்றன" என்று எழுதினேன்.
அந்தக் கூரைக்கல்லைத் தூக்கிய தோள்கள்
குனிந்து குனிந்து
அந்த வாக்கியத்துக்குள் நுழைந்தன.

கரிக்குக் கீழேயும் புல்தான்.
அடிக்களிமண் வரைக்கும்
சோலையும் இருந்தது, புல்லும் இருந்தது,
எரிக்க ஆள் வருமுன்பே.

தொலைபேசியில் சொன்னேன்.
"அதை எழுத்துல குடுங்க" என்றார் வேலப்பன்.
பின்னால் மருந்தடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல்.
"எங்க பூண்டு எத்தனாவது அடியில வருது?"

மேல்மண்ணில் சீகை இருக்கிறது, தைலமரம் இருக்கிறது,
பைன் கொட்டிக்கிடக்கிறது.
பூண்டு இல்லை.
"பூக்குறதுக்கு முன்னாடி பிடுங்கிடுறீங்களே."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"ஒரு பாத்திய பூக்க விட்டா?"

பூண்டின் பூ பெரும்பாலும் மலடு.
தெரிந்தே சொன்னேன்,
"விட்டுப் பாருங்க."