அரை மில்லிமீட்டர்

கலாமாவுக்கு எலும்பு மருத்துவர்
புதன்கிழமை மட்டும் வருவார்.
என் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகி
ஒன்பது வருடமாய் ஒரே வாக்கியம்:
"வயதுக்கேற்ற தேய்மானம், சுனில்டா.
லாரியை விட்டுவிடு."

லாரியாம்.
முந்நூறு டன் தாமிரக்கல் சுமக்கிற வண்டி அது.
அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால்
என் வீடு சின்னதாகத் தெரியும்.
பள்ளத்திலிருந்து மேலேறும் திருகுப் பாதையில்
ஏழு நாள் ஓட்டுவேன், ஏழு நாள் விடுப்பு.
வலிக்கு மட்டும் விடுப்பு கிடையாது.

இடுப்பில் இல்லை அது.
தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில்
எந்தக் கையும் எட்டாத இடத்தில்
யாரோ சாவியைப் போட்டுவிட்டுத்
திருகாமல் நிற்பதுபோல்.
பெல்ட் கட்டினேன். மெத்தையை மாற்றினேன்.
தாமிர வளையல் போடச் சொன்னாள் கடைக்காரி.
நாள் முழுக்கத் தாமிரத்தின் மேல்தானே
உட்கார்ந்திருக்கிறேன், பெண்ணே.

முகாமில் என் அறைத்தோழி யோசெலின்
ஒருநாள் காலை உணவுத்தட்டோடு வந்து
செல்போனை மேஜையில் வைத்தாள்.
கரகரவென்று ஏதோ அரைபட்டது.
"கல்லுடைக்கும் மில்தானே?" என்றான்
ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒருவன்.
"இல்லை. இவள் தூங்குகிறாள்."

அப்புறம் மூன்று மணிநேர பஸ், அன்டோஃபகஸ்டா,
கடலைப் பார்த்த ஒரு ஜன்னல்,
மிலென்கா ஸ்விதானிச் என்ற பல் மருத்துவர்.
காதுக்கு முன்னால் விரல் வைத்து
வாயைத் திறக்கச் சொன்னார்.
திறந்தேன். சரளையில் டயர் ஏறியது.
நீலத்தாள் ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துத்
தட்டு, தட்டு என்றார்.
இடது கடைவாயில் ஒரே ஒரு நீலப்புள்ளி.
பதினோரு வருடத்துக்கு முந்தைய கேப்.
அரை மில்லிமீட்டர் உயரம்.

"அந்த மேட்டைத் தவிர்க்கத்தான்
தாடை ராத்திரியெல்லாம் ஒதுங்குகிறது.
ஒதுங்குகிற தாடையைக் கழுத்து பிடிக்கிறது,
கழுத்தை முதுகு பிடிக்கிறது."
கொஞ்சம் யோசித்து,
"அப்படித்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.
இருக்கலாம்."

புதன்கிழமை வந்தது. எலும்பு மருத்துவர் சிரித்தார்:
"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?"
யோசெலின் வேறு முடிச்சுப் போட்டாள்:
விட்டுப்போன புருஷன்மேல் நான் விழுங்கிய கோபமாம்.
எல்லாருக்கும் ஒரு கதை வேண்டியிருக்கிறது.
புருஷனைத் திட்டித் தீர்த்துதான் அனுப்பினேன்,
தெருவே கேட்டது.

ஆனால் அந்த கேப் வைத்த மத்தியானம்
எனக்கு ஞாபகம் இருக்கிறது.
கம்பெனி மருத்துவமனை.
வெளியே ஷிப்ட் பஸ் இஞ்சினை உறுமவிட்டு நிற்கிறது.
"உயரமாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.
பாதி முகம் மரத்துப்போயிருந்தது.
நாக்கு யாருடையது என்றே தெரியவில்லை.
"சரியாக இருக்கிறது" என்றேன்.

மிலென்கா ராவியெடுத்தார்.
நாக்கில் மாவுபோல் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்.
ராத்திரிக்கு ஓர் ஒளிபுகும் தகடு தந்தார்,
பகலுக்கு ஒரு வரி:
உதடு மூடியிரு, பல் தொடாதிரு.
டயர் அழுத்தம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில்
அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வலி போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.
சாவி இருக்கிறது. சில நாள்
அதை யாரோ பாதி வெளியே இழுத்திருக்கிறார்கள்.
மேற்பார்வையாளர் மட்டும் மாறவில்லை,
"இன்னும் ரெண்டு நடை, பல்லைக் கடித்துக்கொள்."
அதுதான் கூடாதென்று சீட்டு வைத்திருக்கிறேன்
என்று சொன்னால் அவனுக்குப் புரிவதில்லை.

நேற்று, அதிகாலை நாலு மணி,
முழுச் சுமையோடு ஏறிக்கொண்டிருக்கும்போது
ரேடியோ கேட்டது:
"நாற்பத்தேழு, எப்படியிருக்கிறாய்?"
'சரியாக' என்று வாய்வரை வந்தது.
நாக்கால் இடது கடைவாயைத் தடவினேன்.
தோளை இறக்கினேன்.
முதுகிடம் கேட்டேன்.
"இரு," என்றேன்,
"பார்த்துச் சொல்கிறேன்."