எதிர்சேவையன்று கிடைத்த ஸ்லாட்

படிவம் மூன்று முறை திரும்பி வந்தது.
முதல்முறை, நெறியாளர் பச்சை மையில் கையெழுத்திட்டிருந்தாராம்.
இரண்டாம் முறை, மஞ்சள்காமாலைத் தடுப்பூசிக்குச் சான்று இல்லை.
மூன்றாம் முறை ஏனென்று
அனுப்பியவருக்கே தெரியவில்லை.

நாகமலை அடிவாரத்தில்
ஏசி நிற்காமல் ஓடும் ஓர் அறை.
நாற்பது பேருக்குப் பொதுவாய் ஒரு ஃப்ளோ சைட்டோமீட்டர்.
மேலூரில் பாடம் எடுத்துவிட்டு
இரண்டு பஸ் மாறி வரும் எனக்கு நாற்பத்து மூன்று வயது.
பயிற்சி தரும் நிலோஃபருக்கு இருபத்தைந்து.
"கையுறையோட மவுஸைத் தொடாதீங்க மேடம்"
என்று மணிக்கட்டில் தட்டினாள், முதல் நாளே.

ஐந்து வகுப்பு, ஒரு தேர்வு, அப்புறம்தான் கடவுச்சொல்.
உறைநீர்த் தொட்டி நிறைந்திருக்க வேண்டும்,
கழிவுத் தொட்டி காலியாக.
லேசர் சூடாக இருபது நிமிடம்.
வடிகட்டாத செல்லைக் கொண்டுவந்தால் ஊசி அடைக்கும்;
அடைத்தவர் பெயர் நோட்டில் ஏறும், சிவப்பில்.

காத்திருந்த நாட்களில் அந்த நோட்டைத்தான் வாசித்தேன்.
'அடைப்பு. நான் இல்லை. பா. எபினேசர்.'
அதன் கீழே வேறு கையெழுத்தில், 'நீங்கதான்.'
'கரண்ட் போச்சு. ஒரு எலியின் மண்ணீரல் முழுக்க வீண்.'
வீண் என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

தேர்வில் ஒருமுறை தோற்றேன்.
சாயம் ஏற்றாத குழாயை முதலில் ஓட்ட மறந்துவிட்டேன்.
"வெறும் செல்லும் தானா கொஞ்சம் மினுங்கும் மேடம்.
அது எவ்வளவுன்னு தெரியாம
சாயம்தான் மினுங்குதுன்னு எப்படிச் சொல்வீங்க?"
ஒத்தக்கடை வரை அந்தக் கேள்வி
சீட் கிடைக்காமல் என்னோடு நின்றே வந்தது.

சித்திரையில் ஒருநாள்
அட்டவணை மொத்தமும் வெள்ளையாய்க் கிடந்தது.
எதிர்சேவை. எல்லோரும் அழகரைப் பார்க்கப் போகிறார்கள்.
நான்கிலிருந்து எட்டுவரை என் பெயரைப் போட்டேன்.

கோரிப்பாளையத்து ஆஸ்பத்திரி,
மூட்டுவாத நோயாளிகள் ஆறு பேரின் ரத்தம்.
ஆறு குழாய் சாயத்தோடு, ஒன்று சும்மா.
அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து
ஆட்டோ ஏறினால், பாலத்தை அடைத்துவிட்டார்கள்.
சுற்றிப் போகலாம் என்று திரும்பிய தெருவில்
சுற்றவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.
கருப்பசாமி வேஷக்காரர் தோல்பையை அமுக்கிப்
பீய்ச்சிய நீரில் நனைந்தது
என் கண்ணாடி, பெட்டியின் மூடி, ஆட்டோவின் ஓடாத மீட்டர்.
சர்க்கரைச் சொம்போடு நின்றவள் குனிந்து கேட்டாள்,
"பெட்டியில என்னக்கா?"
"ரத்தம்."
"கருப்பனுக்கா?"

அறையைத் திறக்கும்போது மணி ஆறரை.
நிலோஃபர் லீவு. போனை எடுக்கவில்லை.
கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.
முதலில் சும்மா குழாய்.
திரையின் இடது கீழ் மூலையில்
மங்கலாய் ஒரு புள்ளிக்கூட்டம் வந்து உட்கார்ந்தது.
இவ்வளவுதான் இதன் சொந்த வெளிச்சம்.
பிறகு சாயக் குழாய்கள்.

லட்சம் பேர் தோளோடு தோள் நெரியும் ஊரிலிருந்து வந்தவளுக்கு
ஒவ்வொன்றாய்ப் போகும் கூட்டம் புதிதாக இருந்தது.
இடிக்காமல், முந்தாமல்,
நீலக் கதிரின் முன் ஒரு நொடித் துண்டு.
எவ்வளவு பெரிசு, உள்ளே எத்தனை பருக்கை,
எதைச் சுமந்து வருகிறாய்.
சொல்லிவிட்டு நேரே கழிவுத் தொட்டிக்கு.
பத்தாயிரம் பேர் பதில் சொல்லி முடிக்க
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்தாம் குழாயில் புள்ளிகள் நின்றன.
அழுத்தம் ஏறி, ஒரு மஞ்சள் விளக்கு.
ப்ளீச் பத்து நிமிடம், தண்ணீர் பத்து நிமிடம்.
அலுமினியத் தாளில் ஒன்று பிரிக்காமல் இருக்க,
மணி எட்டு.

சிவப்புப் பேனா நூலில் கட்டித் தொங்கியது.
'அடைப்பு. நான்தான். செ. தமயந்தி.'

அடுத்த வாரம் போனபோது
கீழே பென்சிலில் நிலோஃபர்: 'வடிகட்டினீங்களா?'
பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருந்தாள்.