பன்னங்கண்டிப் பாலம் வரை

ஸ்கூட்டியை லீசிங்காரர் ஏற்றிப்போனது வெள்ளிக்கிழமை.
சனி முழுக்கக் கணக்குப் பார்த்தேன்.
ஏழேகால் பஸ் வந்தால் வரும்.
ஓட்டோவுக்குக் கொடுத்தால் சம்பளம் உப்புக்கும் காணாது.
ஞாயிறு பின்னேரம் ஞானசீலன் கடையில்
ஒரு பழைய லுமாலா,
முன் சில்லு புதுசு, பின் சில்லு ஆருடையதோ.
"மகளுக்கோ அக்கா?"
"ஓம்" என்றேன்.
எனக்கு மகள் இல்லை.

நாற்பத்தொரு வயதில் சைக்கிள் ஓடத் தெரியாத ஒருத்தி
வட்டக்கச்சியில் இருக்கிறாள் என்பதை
சைக்கிள் கடைக்காரனிடம் எப்படிச் சொல்வது?
படிக்கிற காலமெல்லாம் அண்ணன் உழக்கினான்,
நான் பின்னால் இருந்து அவனுடைய முதுகைப் பார்த்தேன்.

ஒரு கிழமை லீவு போட்டேன், காய்ச்சல் என்று.
இருட்டின பிறகு பள்ளிக்கூட மைதானத்தில்
நானும் நாலு மாடுகளும்.
விழுந்ததை நான் எண்ணவில்லை,
முழங்கால் எண்ணி வைத்திருந்தது.
கீழே பார்த்தால் விழுத்தும், தூரப் பார்த்தால் ஓடும்.
இதைக் கண்டுபிடிக்க மூன்று இரவு.

அடுத்த திங்கள், ஆறு இருபதுக்கு வெளிக்கிட்டேன்.
சோலைச் செயின் ஒருமுறை கடித்தது;
கழற்றிப் பைக்குள் வைத்தேன், மாற்றுச் சட்டைக்கு மேலே.
சோளகம் நேர் முகத்தில்.
வாய்க்காலில் சிறுபோகத் தண்ணி
என்னை முந்திக்கொண்டு போனது.
பிறகு ஒரு பெடியன், ஒற்றைக் கையால்,
மற்றக் கையில் பணிஸ்.
மணல் டிப்பர் வருகிற சத்தத்துக்கு
நான் முழுசாகக் கிறவலுக்குள் இறங்கி நின்றேன்,
அது போய், அதன் புழுதியும் போகும் வரை.
ஏழேகால் பஸ் அன்றைக்கு வந்தது. வேண்டுமென்றே.
நடத்துநர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
மணியடித்தேன். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்கே தெரியாது.

பன்னங்கண்டிப் பாலத்தில் கால் விட்டுவிட்டது.
இறங்கி உருட்டினேன்.
இடது கை ஹான்டிலில்,
வலது கை, நான் சொல்லாமலே,
பின்னால் போய்க் கரியலைப் பிடித்தது.
கரியலில் சாப்பாட்டுப் பெட்டி மட்டுந்தான்.
அது விழாது.

ஆனால் கைக்குத் தெரிந்தது வேறு சைக்கிள்.
அண்ணனுடையது. அண்ணன் இல்லாதபோது.
கரியலில் அரிசி, பாருக்குள் தறப்பாள்,
ஹான்டிலில் கேத்தில், தண்ணிக் கான்,
எல்லாவற்றுக்கும் மேலே தையல் மெசினின் தலை.
ஏறி இருக்க அதில் எங்கே இடம்?
தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம்,
உருட்டினோம், உருட்டினோம்,
சில்லு நெளிந்த பிறகும் உருட்டினோம்.
ஓரிடத்தில் பாலைமரத்தில் சாய்த்துவிட்டு நடந்தோம்.
நான் திரும்பி ஓடிப்போய்ப்
பூட்டிவிட்டு வந்தேன்.

ஏன் பூட்டினேன்?
அம்மா அப்போதே கேட்டா. இப்பவும் பதில் இல்லை.

பாலம் முடிந்து திரும்ப ஏறினேன்,
ஒரு காலை நிலத்தில் தத்தித் தத்தி,
கோழி மதிலேறுகிற மாதிரி.
கந்தோர் வாசலில் எட்டு இருபத்தாறு.
இடாப்பில் சிவப்புக் கோடு கீற நாலு நிமிடம் இருந்தது.
மாற்றுச் சட்டையும் வியர்த்தது.
"என்ன மிஸ், மழையோ?" என்றா வினோதரஞ்சினி,
மூன்று மாதமாக ஒரு துளி காணாத கிளிநொச்சியில்.

மூன்று கிழமையாகிறது.
பாலத்தில் இன்னும் இறங்கித்தான் போகிறேன்.
பின்னேரம் அதே சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது,
காலையில் வாங்கினதைத் திருப்பித் தருகிறது,
வட்டியும் கேட்பதில்லை, வீட்டுக்கு ஆளும் அனுப்புவதில்லை.

கந்தோர் வேம்பில் சாய்த்துப் பூட்டுகிறேன்.
திறப்பைப் பைக்குள் போடுகிறேன்.
படியேறி, பாதியில் நின்று,
இருக்கிறதா என்று பார்க்கிறேன்.
திறப்பைத்தான் முதலில்.
பிறகு, யன்னலால், சைக்கிளையும்.