வில்லங்கம்

லெபு பந்தாயில் எங்கள் அலுவலகம்.
கீழே வங்கி, மேலே புறாக்கள், நடுவில் நாங்கள்.
பதினேழு வருடமாக இங்கே கிராணி நான்.
கையெழுத்து வழக்கறிஞர் ஊய் போடுவார்.
பதில் சொல்வது என் வேலை.

முன்பணம் கொடுத்தபின் மனம் மாறினால்?
போனது போனதுதான்.
விற்பவர் மனம் மாறினால்?
வாங்கியதைத் திருப்பித் தந்து
அதே அளவு மேலும் தரவேண்டும்.
முத்திரை வரி யார் தலையில்?
உங்கள் தலையில்.
வழக்கறிஞர் கட்டணம்?
அதுவும்.
இந்த இடத்தில் எல்லாரும்
மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை நிலமாமே,
மிச்சம் எத்தனை?
அறுபத்து மூன்று.
கணவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள்.
மனைவிகள் அதற்குள் முடித்துவிடுவார்கள்:
'நாம இருக்கமாட்டோம், விடுங்க.'

செவ்வாய்க்கிழமை, மழை விட்டபின்,
லோகேஸ்வரியும் தினேஸ்வரனும் வந்தார்கள்.
அவள் கேள்விகளை
கிளினிக் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தாள்.
அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான்,
யாரோ எடுத்துவிடுவார்கள் போல.

கோப்பைத் திறந்து முகவரியைச் சத்தமாகப் படித்தேன்.
சரிபார்ப்பது வழக்கம்.
ஜெலுத்தோங். மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. பன்னிரண்டாம் எண்.
விற்பவர் ஈப்போவில் இருக்கும் தியோ.
என் மின்சாரக் கட்டண பில்லிலும்
இதே முகவரிதான்.

ஊயிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன்.
வேறு கிராணியிடம் கொடுக்கலாமே என்றார்.
பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.
வேறு கிராணி இல்லை.

'அக்கா, சுவர்ல ஈரம் இருக்குமா?'
சமையலறையில், கேஸ் தோம்புக்குப் பின்னால்,
சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு,
நவம்பரில் மட்டும்.
'இருக்கிற நிலையிலேயே வாங்குவதாக
ஒப்பந்தம் சொல்கிறது' என்றேன்.
பிறகு, கேட்காமலே,
'மழை நாளில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.'

'வில்லங்கம் ஏதாவது?'
பணம் கட்டித் தேடல் எடுத்திருந்தோம்.
கேவியட் இல்லை.
பழைய வங்கிக் கடனை
விற்பனைப் பணத்திலிருந்தே தீர்த்துவிடுவார்கள்.
சுத்தமான கிராண்ட்.
ஒன்பது வருடம் கூட்டிப் பெருக்கியதற்கு
அதில் கட்டம் கிடையாது.

'உள்ள யாரோ வாடகைக்கு இருக்காங்களாம்,'
தினேஸ்வரன் முதல்முறையாக வாய் திறந்தான்,
'போவாங்களா?'
ஒப்பந்தம் இருந்தால் அதைப் பார்க்கவேண்டும் என்றேன்.
'இருக்கா?'
இல்லை. வாய்ப்பேச்சு. மாதாமாதம் எழுநூறு வெள்ளி.

வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்,
வாடகை என்றாலும் எழுதி வாங்குங்கள்,
முத்திரை வையுங்கள், நாளைக்கு உதவும் என்று.
தியோ நல்ல மனிதர்.
சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு கொண்டுவந்து தருவார்.
எப்படிக் கேட்பது?

'ஒரு மாத நோட்டீஸ் கொடுப்பார்கள்.
வீட்டைக் காலியாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.
மிச்சப் பணத்துக்கு மூன்று மாதம்,
தவறினால் வட்டியோடு இன்னொரு மாதம்.'
'போகமாட்டேன்னு இழுத்தடிச்சா?'
'மாட்டார்கள்.'
'எப்படிச் சொல்றீங்க?'
'அவர்களுக்குச் சட்டம் தெரியும்.'

மஞ்சள் ஒட்டுத்தாள்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன.
இங்கே. இங்கே. இங்கே சுருக்கொப்பம்.
அவன் கையெழுத்து நீளம், கட்டத்தைத் தாண்டியது.
அவள் ஒவ்வொரு முறையும்
பேனாவை மூடித் திறந்தாள்.
சேமநிதிப் பணம் வர எத்தனை நாள் ஆகும்,
இரண்டு பேர் பேரும் போட்டால்
ஒருத்தர் பங்கு மற்றவருக்குத் தானாக வருமா,
வராது, உயில் எழுதுங்கள்,
கார் நிறுத்த இடம் உண்டா,
இருக்கிறது, ஆறு மணிக்குள் வந்தால்.

கடைசியாக அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
'சாவி எத்தனை தருவாங்க?'
கோப்பைப் பார்க்காமலே சொன்னேன்:
'இரண்டு.
ஒன்று இறுகும்.
கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்பவேண்டும்.'

லோகேஸ்வரி நிமிர்ந்தாள்.
உள்ளே ஊய் இருமினார்.
அடுத்த பக்கத்தை அவள் பக்கம் தள்ளி
'இங்கே' என்றேன்.